துளிர்க்கும் என்று பாடிவிட்டால் போதுமா?

மரத்தைப் பாடாத கவிஞர் தமிழில் இல்லை. ஆயினும் இக்காலக் கவிதைகள் பலவற்றில் அது படும் பாட்டைக் காணுங்கால், பாடாமலே விட்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் பொறுமைசாலி, கல்லெறிந்தவனுக்கும் கனி தரும் வள்ளல், கோடரிக்கே காம்பளித்த ஏமாளி! இவ்வேடங்களைத் தவிர மரத்துக்கு அங்கே வேலையில்லை. வெட்டினாலும் துளிர்க்கும் என்று கவிஞரே சொல்லிவிட்டால், வெட்டுகிறவனின் மனச்சாட்சி நிம்மதியாக உறங்காதோ?

துளிர்ப்பது மெய்தான். திருவான்மியூருக்கு வடக்கே, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் வயது சுமார் 450 ஆண்டு என்பர். 1989-இல் வீசிய புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்தது. எனினும் விழுதுகளைக் கால்களாகக் கொண்டு அவ்வால் இன்றும் நிற்கிறது. பொறுமையினாலா நின்றது? அன்று. விழுது இறங்க அங்கே மண் இருந்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததே, அவற்றுள் எத்தனைக்கு அந்த மண் கிடைத்தது? அடிமரம் வரை சிமெண்ட் பூசினார்கள். வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டியவர்கள் வேரை அறுத்தார்கள். பழியைக் காற்று சுமந்தது.

திருவான்மியூர், வான்மீகியின் பெயரால் அமைந்த ஊர் என்பர். வேடன் அம்பால் வீழ்ந்த பறவையைக் கண்டு பிறந்ததாம் அவருடைய முதற் பாட்டு. அப்பாட்டு பறவையின் பொறுமையைப் புகழவில்லை, வேடனைச் சபித்தது. நம் கவிஞர்களோ ‘மனிதன்’ என்று பொதுவாகச் சொல்லிக் கழன்றுகொள்கிறார்கள். எந்தத் தெருவில், எவர் ஆணையில், எந்த மரம் என்ற பேச்சே இல்லை.

நற்றிணையில் ஒரு பெண், தான் விளையாட்டாய்ப் புதைத்து மறந்த விதையில் வளர்ந்த புன்னையை உடன்பிறந்தாளாகக் கருதி, அதன் நிழலில் காதலனோடு பேச நாணுகிறாள். அங்கே மரம் உவமையன்று. வீட்டில் ஓர் ஆள். உமறுப் புலவரும் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைத் தமிழ் மருதமாகவே கண்டார். பாலையில் வயலா என்று நகைப்போர் நகைக்கட்டும். தாம் கண்டறிந்த மண்ணைப் பாடிய புலவர் அவர். திருவான்மியூர்க் கடற்கரையும் நெய்தல் நிலந்தான். புன்னை எது, பூவரசு எது என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டத் தெரிந்த கவிஞர் இன்று எத்தனை பேர்?

இலை உதிர்த்துக் குப்பை சேர்க்கிறதென்று வாசல் வேம்பை வெட்டி, அவ்விடத்தில் கார் நிறுத்துவோர் நம்மவரிலும் உண்டு. மாலையில் கவியரங்கில் மரக்கவிதைக்கு முதலில் கைதட்டுவோரும் அவர்களே.