முதல் தூண் இறங்கும் முன்



மும்பைக் கடற்கரைச் சாலையின் படங்களில், வொர்லிப் பக்கம் கடலுக்கு மேல் இரண்டு இரும்பு வில்கள் வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று 136 மீட்டர் நீளம், 2,000 டன் எடை. மற்றது 143 மீட்டர், 2,500 டன். 2024 ஏப்ரலிலும் மே மாதத்திலும் மிதவையில் ஏற்றி வந்து, ஏற்றவற்றம் பார்த்து இறக்கிப் பொருத்தினார்கள். பொறியியல் சாதனை என்று செய்திகள் கொண்டாடின. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வில் வந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். ஏழாம் தூணுக்கும் ஒன்பதாம் தூணுக்கும் நடுவே வரைபடத்தில் எட்டாம் தூண் ஒன்று இருந்தது. அதை நட விடாமல் தடுத்தவர்கள் வொர்லி கோலிவாடாவின் மீனவர்கள். தூண் போனதும் 60 மீட்டராக இருக்க வேண்டிய இடைவெளி 120 மீட்டர் ஆனது. அதைத் தாண்டத்தான் வில்.

இதை இன்று நான் எழுதக் காரணம் இருக்கிறது. சென்னையில் கலங்கரை விளக்கத்திலிருந்து நீலாங்கரை வரை கடலுக்குள் தூண் நட்டுப் பாலச்சாலை போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு பேசிக்கொண்டிருக்கிறது. நொச்சிக்குப்பம், டுமீல் குப்பம், சீனிவாசபுரம், ஊரூர் ஆல்காட் குப்பம், திருவான்மியூர் குப்பம், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை: இத்தனை ஊர்களின் வாசலும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. எங்கே, எவ்வளவு தூரத்துக்கு ஒரு தூண் என்பதெல்லாம் காகிதத்தில் முடிவாகும் காலம் இது. காகிதத்தில் ஒரு தூணை அழிக்க அழிரப்பர் போதும். கடலில் இறங்கிவிட்டால் அதை எடுக்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது.

மும்பையில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிப்பின்படி, சாலைக்காகக் கடலைத் தூர்க்க இடமில்லை. 2015 டிசம்பர் 30 அன்று அதில் ஒரு திருத்தம் வந்தது: விதிவிலக்கான நேர்வுகளில் தூர்த்த நிலத்தில் சாலை போடலாம். அந்த வாசல் வழியாகத்தான் மும்பை மாநகராட்சியின் திட்டம் நுழைந்தது. 2018 டிசம்பரில் பூமி பூஜை. மீனவர்களும் சூழல் அமைப்புகளும் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். 2019 ஜூலை 16 அன்று நீதிமன்றம் திட்டத்துக்குக் கொடுத்த கடற்கரை மண்டல அனுமதியையே ரத்து செய்தது, முறையான சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் வேலை செய்யக்கூடாது என்றது. எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் அது ஐந்து மாதம்தான் நின்றது. டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது, லாரிகள் மறுபடி ஓடின. வழக்கு ஒரு பக்கம் கிடக்க, மறுபக்கம் 111 ஹெக்டேர் கடல் மண்ணாகிவிட்டது. பாறை இடுக்கில் சிப்பியும் நண்டும் பொறுக்கிப் பிழைத்த கோலி மீனவப் பெண்களின் கரை அந்த 111 ஹெக்டேருக்குள் இருந்தது.

பிறகு திறப்பு விழாக்கள். ஒன்றல்ல தோழர்களே, தொடராக! 2024 மார்ச் 11 அன்று வொர்லியிலிருந்து மரைன் டிரைவ் வரை ஒரு திசை மட்டும். ஐந்தே நாளில், மார்ச் 16 அன்று, மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பு. ஜூனில் எதிர்த்திசையில் ஹாஜி அலி வரை. செப்டம்பரில் பாந்த்ரா–வொர்லி கடற்பாலத்தோடு இணைப்பு. 2025 ஜனவரி இறுதியில் மீதி. பத்தரை கிலோமீட்டர் சாலையை முழுதாக முடிக்குமுன்பே துண்டு துண்டாகத் திறந்தார்கள். இது புதிய வித்தையும் இல்லை. பாந்த்ரா–வொர்லி பாலத்தையே 2009 ஜூனில் எட்டில் நாலு தடம் திறந்து, மீதி நாலை 2010 மார்ச்சில் திறந்தவர்கள்தான்.

போக்குவரத்து நெரிசலைக் குறைக்கத்தான் இப்படி என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அரசியலைப் பாருங்கள். முதல் துண்டு திறந்த அன்றே அந்தச் சாலைக்கு ஆயிரக்கணக்கான வக்கீல்கள் பிறந்துவிடுகிறார்கள். நாற்பது நிமிடம் பத்து நிமிடமானவன் அடுத்த துண்டு எப்போது என்றுதான் கேட்பான், எந்த மீனவன் பிழைப்பு போயிற்று என்று கேட்க மாட்டான். அதன்பின் நாம் எழுப்பும் ஒவ்வொரு கேள்வியும் ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டது, இப்போது போய்…’ என்ற ஒரே பதிலில் அடிபடும். கட்டம் கட்டமாகக் கட்டுவதும் கட்டம் கட்டமாகத் திறப்பதும் எதிர்ப்பைக் கட்டம் கட்டமாகக் கரைக்கும் வேலை. இதை உணராமல் கடைசிக் கட்டத்தில் கறுப்புக்கொடியோடு போய் நிற்பதால் பயனில்லை.

சரி, வழக்கு கைகொடுக்காத இடத்தில் வொர்லிக்காரர்கள் எதை வைத்து 120 மீட்டரைப் பிடித்தார்கள்? படகை வைத்து. கிளீவ்லாந்து பந்தர் என்ற அவர்களுடைய படகுத்துறையிலிருந்து கடலுக்குப் போகும் வழி, ஏற்கெனவே இருக்கும் கடற்பாலத்துக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிறது. அந்த வாயிலின் குறுக்கேதான் புதிய சாலையின் இணைப்புத் தூண்கள். 2021 இறுதியில் படகுகளைக் கொண்டுபோய் வேலை நடக்கும் இடத்திலேயே நிறுத்தி, வேலையை நிறுத்தினார்கள். 200 மீட்டர் கேட்டார்கள், பிறகு 160க்கு இறங்கினார்கள். மாநகராட்சி 60 போதும் என்றது. கடலியல் நிறுவனத்தின் ஆய்வும் 60 போதும் என்றே சொன்னது.

60 மீட்டர் என்றால் வெளியில் இருப்பவனுக்கு அகலமாகத்தான் தெரியும். நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் கூட்டங்களில் அதிகாரியிடம் சொல்லத் தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன். தூணின் அடிப்பீடத்தையும் அதைச் சுற்றிய தடுப்பையும் கழித்துத்தான் மிச்சம் வழி. மழைக்காலத்தில் பக்கவாட்டில் அலை அடிக்கும்போது படகு நேராகப் போகாது, விலாவில் தள்ளப்பட்டுக்கொண்டே போகும். இரண்டு தூணுக்கு நடுவே நீர் நெருங்கி வேகம் பிடிக்கும். அந்த நேரம் பார்த்து இன்ஜின் நின்றால்? எதிரே இன்னொரு படகு வந்தால்? வலை ஏற்றி, மீன் ஏற்றி, விடியும் முன் இருட்டில் திரும்புகிறவனுக்கு அந்த 60 மீட்டர் ஒரு சந்து. ஆய்வகத்தில் கணக்குப் போட்டவர் அந்தச் சந்தில் ஒரு தடவையும் படகு ஓட்டியிருக்கத் தேவையில்லை. 2022 இறுதியில் அரசு இறங்கி வந்தது, எட்டாம் தூண் வரைபடத்திலிருந்து போனது.

முழு வெற்றியா? இல்லை. கேட்டது கிடைக்கவில்லை, போன கரை திரும்பவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். முடியாது, வடிவமைப்பு முடிந்துவிட்டது, நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள் என்று நான்கு வருடம் சொன்னவர்களால், பணிந்தபின் ஒன்றரை வருடத்துக்குள் 2,000 டன் வில்லைக் கொண்டுவந்து நிறுத்த முடிந்தது. முடியாது என்பதற்கு மனமில்லை என்றே பொருள். அவர்கள் இடைவெளி கேட்டது சாலையின் இணைப்புத் தூண்கள் எழும்பும் நேரத்தில். நாம் இப்போதே கேட்டால், கூடுதலாகக் கேட்கலாம். பாலமே வேண்டாம் என்றும் கேட்கலாம். என் நிலைப்பாடு பாலம் வேண்டாம் என்பதுதான், மறைக்கவில்லை.

யாருக்கான சாலை அது என்றும் கேளுங்கள். மும்பைக் கடற்கரைச் சாலைக்குக் கிட்டத்தட்ட 14,000 கோடி ரூபாய், மாநகராட்சியின் பொதுப்பணம். சுங்கம் இல்லைதான். ஆனால் அதில் இருசக்கர வாகனத்துக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. அதோடு சேரும் பாந்த்ரா–வொர்லி பாலத்தில் சுங்கம். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது கடற்பாலத்தில் கார் ஒரு தடவை போக 250 ரூபாய், அங்கும் ஸ்கூட்டருக்கு இடமில்லை. மீன் கூடையை ஸ்கூட்டரில் கட்டி விற்கும் பெண் தன் கடலின் மேல் கட்டிய பாதையில் கால் வைக்கக்கூட முடியாது. வடக்கே இன்னும் நீட்டுகிறார்கள்: வெர்சோவாவிலிருந்து போகும் அடுத்த சாலையால் 45,000க்கும் மேற்பட்ட அலையாத்தி மரங்கள் பாதிக்கப்படும் என்பது மாநகராட்சியே கொடுத்த கணக்கு. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2002இல் தொடங்கிய சுங்க வசூலை நீங்கள் அறிவீர்கள். கடலுக்குள் கட்டும் பாலம் சுங்கம் இல்லாமல் வரும் என்று நான் நம்பவில்லை.

இனி நம் பக்கக் குறைகள். வெளியே சொல்லக் கூச்சமான விஷயம்தான், ஆனால் நேரம் இல்லை.

முதலாவது, இழப்பீடு. திட்டம் அறிவித்த மறுவாரம் ஊருக்குள் சிலர் நுழைவார்கள். பெயர் எழுதுகிறோம், ஆதார் நகல் கொடு, பட்டியலில் வந்தால் பணம் என்பார்கள். பட்டியல் என்றதும் ஊர் இரண்டாகும். படகு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் மீனவர், அந்தப் படகில் பங்குக்குப் போகிறவர் கணக்கிலேயே இல்லை! கரையில் ஏலம் எடுத்து, கருவாடு காயவைத்து, தலைச்சுமையாக விற்கும் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? ஊர்க்கூட்டம் முடிவு எடுக்கும் முன் ஒருவரும் தனியாகப் பெயர் கொடுக்கக்கூடாது. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இரண்டாவது, விசைப்படகு – ஃபைபர் படகுச் சண்டை. அதில் நியாயம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெளிவான கருத்து உண்டு, இங்கே அதைப் பேசப்போவதில்லை. தூண் இறங்கும்போது பாதுகாப்பு எல்லை என்று கயிற்றில் மிதவை கட்டி மறிப்பார்கள். அந்தக் கயிற்றுக்கு உங்கள் படகு எந்த வகை என்பது தெரியாது. தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் இருக்கும் காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளர்கள், அந்த நாட்களில் தென்சென்னைக் குப்பங்களின் கூட்டங்களுக்கு வர வேண்டும்.

மூன்றாவது, மறதி. 2010 வாக்கில் இதே கரையோரம் கலங்கரை விளக்கத்திலிருந்து மேம்பாலச் சாலை என்று ஒரு திட்டம் வந்தது. குப்பங்கள் ஒன்றாக எதிர்த்தன, அது நின்றது. அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. மெரினா லூப் சாலையிலிருந்தோ நாம் தப்பவில்லை. நம் கரையில் சாலை போட்டார்கள், பிறகு 2023 ஏப்ரலில் அந்தச் சாலைக்கு இடைஞ்சல் என்று சொல்லி நொச்சிக்குப்பத்து மீன்கடைகளை அகற்ற வந்தார்கள். பெண்கள் மீனோடு சாலையில் உட்கார்ந்த பிறகுதான் பேச்சுவார்த்தை. 2024இல் அங்காடி கட்டிக் கொடுத்தார்கள், நல்லது. ஆனால் முதலில் வந்தது யார், சாலையா நாமா?

செய்ய வேண்டியது இது. வருகிற அமாவாசைக்குள் ஒவ்வொரு குப்பத்திலும் பஞ்சாயத்து கூட வேண்டும், பெண்களையும் உட்கார வைத்து. நம் மீன்பிடிப் பாடுகள் எங்கே, கடலடிப் பார்கள் எங்கே, எந்த மாதம் எந்த இடத்தில் எந்த வலை, வண்ணி நீரோட்டத்தில் படகு எப்படிப் போகும், தெண்டி நீரோட்டத்தில் எப்படித் திரும்பும், அடையாறு முகத்துவாரத்தில் மண் எப்போது அடைக்கும்: இதையெல்லாம் பெரியவர்கள் சொல்ல, இளைஞர்கள் கைபேசியில் இடம் குறித்து வரைபடமாக்க வேண்டும். சட்டப்படி அரசு தயாரிக்கும் கடற்கரை மண்டல வரைபடத்தில் நம் ஊர்களும் மீன்பிடி இடங்களும் இருக்கத்தான் வேண்டும். 2023 ஆகஸ்டில் வரைவை வைத்துக் கருத்து கேட்டபோது, அவை அதில் இல்லை என்றுதான் கரையெங்கும் நாம் எழுந்து கத்தினோம். கத்தியது போதாது. நம் வரைபடத்தை ஊர் முத்திரையோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் சாத்தியக்கூறு அறிக்கையைக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். தூண்களின் இடைவெளி, அடிப்பீடத்தின் அகலம், கட்டும் காலத்தில் மறிக்கும் எல்லை ஆகிய மூன்று எண்களும் கைக்கு வராமல் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் போகாதீர்கள். ஆட்டோ சங்கத் தோழர்களே, கட்டுமானத் தொழிற்சங்கத் தோழர்களே, உங்களையும் அழைக்கிறோம். மும்பையைப் போலவே, அந்தப் பாலத்திலும் ஆட்டோவை ஓட விடுவார்கள் என்று நான் நம்பவில்லை. அதைக் கட்ட ஒப்பந்தத்துக்கு வரும் வடமாநிலத் தொழிலாளி நம் எதிரியும் இல்லை, அவரோடு யாரும் மோதக்கூடாது.

ஆய்வுக்கென்று மண்பரிசோதனைத் துளையிடும் மிதவை எந்தக் குப்பத்தின் முன் வந்து நின்றாலும், அந்த ஊர் உடனே மற்ற ஊர்களுக்குச் சொல்ல வேண்டும். அன்று கடலுக்குப் போன படகுகளும் அங்கேயே திரும்ப வேண்டும். கூட்டத் தேதியை இன்றே முடிவு செய்து, பக்கத்துக் குப்பத்துக்கு ஆள் அனுப்புங்கள்.