மயக்கமா, சமாதியா?

1938-இல் திருவண்ணாமலைக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், துறவி ரமணரின் ஆசிரமத்தில் மயங்கி விழுந்தார். அவருக்கோ அது முன்பும் வந்த உடல்கோளாறு; பக்தர்களுக்கு அது சமாதி நிலை. இருபது ஆண்டு கழித்தும் அந்தப் பேச்சுக்கு அவர் எழுத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதே குளிர்காலத்தில் சென்னை வரை வந்த உளவியலாளர் யுங், ரமணரைப் பார்க்காமலே ஊர் திரும்பினார். ஞானிகளை வேண்டுமென்றே தவிர்த்தாராம்! வெள்ளைக்காரருக்குத் துறவி பிடிபடவில்லை என்று நாம் சிரிக்கலாம். நமக்கு மட்டும் பிடிபட்டுவிட்டதா? துறவி அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் காலில் விழுவோம். நம் பிள்ளை என்றால் ஒப்பாரிதான். ரமணரின் தாய் அழகம்மாளும் மகனை வீட்டுக்கு அழைத்துப்போக மலைக்கு வந்து அழுதவர்தான். மகன் இறங்கி வரவில்லை. 1916-இல் தாயே அங்கு வந்து தங்கிவிட்டார்.