நிழல் பார்த்துக் கூண்டு வை

கினிப் பன்றி வாங்கப்போகிறோம், மொட்டை மாடியில் கூண்டு வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். உடனே முகம் வாடிவிடும். மாடி சும்மாதானே கிடக்கிறது, காற்று வேறு பிய்த்துக்கொண்டு வருகிறது என்பார்கள். காற்று வருவது சாயங்காலம். மதியம் அங்கே அடிப்பது அனல்.

கினிப் பன்றியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அங்குள்ள மக்கள் சில ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இதை வீட்டில் வளர்த்தார்கள். கொஞ்ச அல்ல, கறிக்கு. இன்றும் பெரு நாட்டு மலைக் கிராமங்களில் அடுப்படித் தரையில் இவை ஓடித் திரிவதைப் பார்க்கலாம். குளிர்ந்த மலையில், மனிதர் வீட்டுக்குள் வளர்ந்த ஜாதி. 18 முதல் 24 டிகிரி வரை இதற்குச் சுகம். 28-ஐத் தாண்டினால் திணறும். உடம்பு வேர்க்காது, நாய் மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துச் சூட்டை ஆற்றிக்கொள்ளவும் வராது. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியில் அதற்குக் கூண்டு கட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. இங்கிலாந்துக்காரர்களின் வளர்ப்புப் புத்தகங்கள், தோட்டத்தில் கூண்டு என்றதும் பனியைப் பற்றித்தான் பேச ஆரம்பிக்கும். வைக்கோல் திணி, கம்பளி போர்த்து என்று பக்கம் பக்கமாக. நாம் அதையெல்லாம் தள்ளிவிட்டுப் போகலாம்.

இடம் தேடுகிறவர்கள் காலை பத்து மணிக்கு நிழலைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். மூன்று மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வடக்குச் சுவரோரம் எப்போதும் நிழல் என்ற கணக்கும் நம் ஊரில் முழுசாகச் செல்லாது. சித்திரை பிறந்ததும் சூரியன் உச்சி தாண்டி வடக்கே சாய்ந்துவிடும், ஆவணி வரை வடக்குச் சுவரிலும் வெயில் விழும். வீட்டுக்குக் கிழக்கே, தலைக்கு மேல் வேம்போ புங்கனோ இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. கூரைக்குத் தகரம் போட்டால் உள்ளே வெந்துவிடும். தென்னங்கீற்று போதும், மழைக்காலத்தில் மட்டும் அதன்மேல் தார்ப்பாய். கத்திரி வெயில் நாட்களில் நனைத்த சாக்கைப் பக்கவாட்டில் தொங்கவிடுவதும், ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைப்பதும் உதவும். என்னைக் கேட்டால், அந்த நாட்களில் பகலில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவதே உத்தமம். வெளியே வளர்ப்பது ஒன்றும் சபதம் இல்லையே.

கூண்டுக்காக வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

“கோழிக்கா சார்?”

“இல்லண்ணே, கினிப் பன்றிக்கு.”

“பன்றியா? அப்ப பத்து எம்.எம். கம்பி போட்டாத்தான் தாங்கும்.”

கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். “இந்த எலிக்கா சார் இவ்ளோ செலவு?” என்றார். கோழி வலையே போதும், பாதிக் காசு மிச்சம் என்று மறுபடி மறுபடி சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் கோழி வலையின் கண்ணுக்குள் பூனையின் கை போகும், சாரைப்பாம்பு தலையை நுழைக்கும், பெருச்சாளி ஓரத்தைக் கடித்தே வழி பண்ணிவிடும். அரை அங்குல வெல்ட் மெஷ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். மேலேயும் மூடியாக வேண்டும். இதற்கு ஏறத் தெரியாது என்பது உண்மை, காக்கைக்கும் வல்லூறுக்கும் இறங்கத் தெரியுமே. இரண்டு உருப்படிக்கு நாலடிக்கு இரண்டடி என்பது குறைந்தபட்சம், இடம் இருந்தால் தாராளமாக விடலாம். தரைக்கு மட்டும் கம்பி கூடவே கூடாது. உள்ளங்கால் புண்ணாகிச் சீழ் வைத்துவிடும். பலகை போட்டு, அதன்மேல் பழைய செய்தித்தாள், அதன்மேல் காய்ந்த புல். நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கிண்ணத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்காவிட்டால் கொசு முட்டையிட்டுவிடும், அது தனித் தலைவலி.

ஒளிந்துகொள்ளச் சிலர் பானையைப் படுக்கவைப்பார்கள். குளிர்ச்சிதான், ஆனால் ஒரே வாசல். இரண்டில் ஒன்று எப்போதும் சண்டியராக இருக்கும். அது வாசலை மறித்துக்கொண்டால் மற்றது மூலையில் மாட்டிக்கொண்டு நடுங்கும். ஓட்டு வீட்டின் உச்சியில் கவிழ்க்கிற முகட்டு ஓடு கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு பக்கமும் வழி, மண் ஓடு என்பதால் சூடும் தங்காது.

ஒற்றையாக வளர்க்காதீர்கள். கூட்டத்தில் வாழ்கிற பிராணி. ஸ்விட்சர்லாந்தில் இதைத் தனியாக வைப்பது சட்டப்படியே குற்றம். துணைக்கு முயல் சரிவராது. முயலுக்கு ஒன்றும் செய்யாத கிருமி இதன் நெஞ்சில் சளியாகக் கட்டி ஆளையே சாய்த்துவிடும். ஜோடி என்று கடையில் தருவதை ஆணா பெண்ணா என்று தெரிந்தவரிடம் காட்டிவிட்டே கூண்டில் விடுங்கள். ஆண்குட்டி மூன்று வாரத்திலேயே தகப்பனாகத் தயாராகிவிடும்.

வந்த புதிதில் ஓட்டுக்கு அடியிலிருந்து தலையே காட்டாது. காட்டாமல் இருக்கட்டும். மேலிருந்து நீளும் எந்தக் கையும் அதற்குப் பருந்துதான். தூக்காமல், பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொத்தமல்லியை நீட்டினால், முதலில் மூக்கு வரும், பிறகு முன்பல், சரக்கென்று தழையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடும். அப்புறம் உங்கள் காலடிச் சத்தம் கேட்டாலே விசில் அடிக்கும். பசும்புல்லை ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு உப்பும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அருகம்புல் பிரமாதம், நாய் திரியும் இடத்துப் புல் மட்டும் ஆகாது. நம்மைப் போலவே இதற்கும் உடம்பில் வைட்டமின் சி ஊறாது, தினமும் கொய்யாத் துண்டோ குடைமிளகாயோ கொடுத்தாக வேண்டும்.

மழைக்காலத்தில் அதன் பின்பக்கத்தைத் தினம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஈரமும் அழுக்கும் ஒட்டியிருந்தால் ஈ முட்டை வைத்துவிடும், புழு வைக்க ஒரு பகல் போதும். அரை நாள் தீனி தொடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மருந்தில் இரண்டு சொட்டு விடுவோம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். அது இதன் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை ஒழித்துச் சில நாட்களில் கொன்றேவிடும்.