பெட்டியில் இல்லாத எண்: இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்



வாசலிலும் மதில் தூணிலும் மொட்டைமாடியிலும் பொருத்துவதற்கென விற்கப்படும் மின்விளக்குகளின் பெட்டிகளில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்ற சொல் கண்ணில் படும்படி அச்சாகியிருக்க, அவ்விளக்கு எத்தகைய நீரை எந்த அளவுக்குத் தாங்கும் என்று கூறும் ஐ.பி. எண் ஏதோ ஒரு மூலையில் ஒடுங்கியிருப்பதையோ அறவே இல்லாதிருப்பதையோ காண முடிகிறது. வாங்குபவர் படித்துப் பொருள் உணரும் வகையில் அந்த எண்ணை வெளிப்படுத்தச் செய்யும் கடமை தங்கள் அமைவனத்துக்கு உண்டு என்பதே இம்மடலின் வாதம்.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 என்ற தரநிலையை இந்தியா ஐ.எஸ்./ஐ.இ.சி. 60529 என்னும் பெயரில் ஏற்றுக்கொண்டுள்ளது. அதன்படி ஐ.பி. என்ற எழுத்துகளை அடுத்து வரும் முதல் இலக்கம், 0 முதல் 6 வரை, விரல், கம்பி, தூசு போன்ற திடப்பொருள்கள் உறைக்குள் நுழைவதற்கு எதிரான காப்பையும், இரண்டாம் இலக்கம், 0 முதல் 9 வரை, நீருக்கு எதிரான காப்பையும் குறிக்கின்றன. ஐ.பி. 20 என்றால் விரல் உள்ளே போகாது, ஆனால் நீருக்கு எதிராக எந்தக் காப்பும் இல்லை, ஐ.பி. 44 என்றால் 1 மில்லிமீட்டர் கம்பி நுழையாது, எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் கேடில்லை, ஐ.பி. 65 என்றால் தூசு முற்றிலும் புகாது, 6.3 மில்லிமீட்டர் குழாய்முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பாய்ச்சப்படும் நீரையும் அது தாங்கும். இலக்கத்தின் இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து நின்றால், அக்காப்பு குறிப்பிடப்படவில்லை என்று பொருளே தவிர, அது சுழியம் அன்று.

இலக்கம் உயர்ந்தால் காப்பும் உயரும் என்ற எண்ணம் 6 வரை மட்டுமே சரியாகும். ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கியிருப்பதைத் தாங்குவதே 7 என்பதன் பொருளாதலால், ஐ.பி. 67 என்று மட்டும் குறிக்கப்பட்ட விளக்கு வேகமாகப் பாயும் நீரையும் தாங்கும் என்று கொள்வதற்கு இடமில்லை. இரண்டையும் தாங்குவதாயின் ஐ.பி. 66, ஐ.பி. 67 என இரு குறிகளையும் அது ஏற்றிருக்க வேண்டும்.

எண் சரியாக இருந்தும் விளக்குக்குள் நீர் தேங்குவதற்குக் காரணம் வேறு. விளக்கு எரியும்போது உறைக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து, அதில் ஒரு பகுதி இடுக்குகளின் வழியே வெளியேறுகிறது. அந்நேரத்தில் மழை கொட்டி உறை திடீரெனக் குளிர்ந்தால் உள்ளழுத்தம் தாழ்ந்து, ரப்பர் வளையத்தின் விளிம்பில் நிற்கும் நீரை விளக்கு தானே உள்ளிழுத்துக்கொள்கிறது. காற்றை விட்டு நீரை விடாத சவ்வு அடைப்பான் பொருத்தப்பட்ட விளக்குகள் இந்த இழுப்பைத் தவிர்க்கின்றன. அது இல்லாதவற்றில் முழுச்சுமையும் அந்த ரப்பர் வளையத்தின் மேல் விழுகிறது. ஐ.பி. சோதனையோ புதிய விளக்கின் மீது, தூய நீரைக் கொண்டு, குறுகிய நேரத்துக்கு நடத்தப்படுவது. வெயிலில் ரப்பர் இறுகிப்போவதையும், கடற்காற்றின் உப்பு திருகாணிகளை அரிப்பதையும் அது அளப்பதில்லை. ஆகவே நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடலோரத்தில் நிற்கும் விளக்குக்கு ஐ.பி. 65 இன்றியமையாதது எனினும் போதுமானதன்று. உப்புத்தெளிப்புச் சோதனையில் தேறிய உறையும் வேண்டும். அடியையும் மோதலையும் தாங்கும் திறன் ஐ.கே. என்னும் வேறோர் எண்ணால் குறிக்கப்படுகிறது, ஐ.கே. 08 என்பது 5 ஜூல் மோதலையும், ஐ.கே. 10 என்பது 20 ஜூல் மோதலையும் தாங்குவதாகும். பொருத்தும் இடத்தில் கம்பி நுழைய மின்பணியாளர் புதிதாக ஒரு துளையிட்டு, அதைச் சுற்றி இறுக்கும் கிளாண்டு என்னும் அடைப்பானைப் போடாமல் விட்டுவிட்டாலோ, மேல்நோக்கிப் பொருத்த வேண்டியதைக் கவிழ்த்து மாட்டினாலோ, அச்சிட்ட ஐ.பி. எண் அக்கணமே செல்லாததாகிவிடுகிறது.

வீட்டுக்குள் நிலைமை நேர்மாறானது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் ஐ.பி. 20 போதும், அங்கே ஐ.பி. 65 தேடி வாங்குவது வீண் செலவாவதோடு, காற்றோட்டமற்ற உறைக்குள் வெப்பம் தங்கினால் எல்.இ.டி. விளக்கின் டிரைவர், அதாவது மின்சாரத்தை விளக்குக்கேற்ப மாற்றித் தரும் பகுதி, விரைவில் பழுதாகவும் கூடும். குளியலறை விதிவிலக்காகும். ஷவர் உள்ள பகுதியில் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரையிலும், அதை அடுத்த 60 சென்டிமீட்டரிலும் நீர்க்காப்பு இலக்கம் 4-க்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது பன்னாட்டு மின்னிணைப்பு விதி. குளிக்குமிடம் தனியே தடுக்கப்படாமல் வாளியும் குவளையும் புழங்கும் சிறு குளியலறையில் அவ்வெல்லை ஏறக்குறைய அறை முழுவதையும் அடக்கிவிடுகிறது.

இவற்றையெல்லாம்விடக் கவலைக்குரியது, குறி இல்லாமையே ஒரு குறியாக இருப்பதுதான். விளக்குகளுக்கான பன்னாட்டுத் தரநிலையின்படி ஐ.பி. 20 கொண்ட சாதாரண விளக்கில் ஐ.பி. எண்ணை அச்சிட வேண்டிய கட்டாயமில்லை. பொறியாளர் அம்மௌனத்தை ‘வீட்டுக்குள் மட்டும்’ என்று படிப்பார். அதே விளக்கை வாங்கிப் போர்டிகோவின் ஓரத்தில் மாட்டும் குடும்பத்தினருக்கு அவ்வாறு படிக்க வழியில்லை. நனைந்த விளக்கு அணைந்துபோவது சிறிய இழப்பே. மின்கசிவு ஏறிய உலோக உறையை ஈரக்கையால் தொடும் சிறுவனுக்கு நேர்வது உயிரிழப்பாகவும் முடியலாம்.

ஆகையால், ஐ.பி. 20 விளக்குகளின் பெட்டிகளிலும் ‘வீட்டுக்குள் மட்டும்’ என்ற எச்சரிக்கை அந்தந்த மாநில மொழியில் இடம்பெறச் செய்யவும், எண் இல்லாமல் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று மட்டும் அச்சிடுவதைத் தடைசெய்யவும், எந்தத் திசையில், எவ்வகைக் கிளாண்டுடன் பொருத்தினால் அவ்வெண் செல்லும் என்பதை விளக்கத்தாளில் எழுதக் கட்டாயப்படுத்தவும் தாங்கள் ஆவன செய்ய வேண்டும். இதற்கான அதிகாரம் தங்கள் அமைவனத்திடம் உள்ளது. அது பயன்படுத்தப்பட வேண்டும் என்பதே நுகர்வோர் சார்பில் முன்வைக்கப்படும் வேண்டுகோள்.