எச்சரிக்கை பொறியாளர் காதுக்கு எட்ட வேண்டும்



2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். மாநிலமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தது அதன் பிறகுதான். அடுத்த மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து 4 பேர் மாண்டார்கள்.

சுவரில் விரிசலையும் பள்ளத்தில் மண் சரிவதையும் முதலில் பார்ப்பவர்கள் கொத்தனாரும் சித்தாளும்தான். அவர்கள் சொல்வது மேஸ்திரியோடு நின்றுவிடக் கூடாது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியிருந்தது. நம் பகுதியின் பெரும்பாலான சிறு வேலைகளில் அத்தனை பேர் இருப்பதில்லை.

எனவே, எல்லாப் பணியிடங்களிலும் தினமும் காலையில் அன்றைய ஆபத்துகளைப் பேசியே வேலையைத் தொடங்க வேண்டும். தொழிலாளி சொல்லும் குறையைப் பதிவேட்டில் எழுதிப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறக்கும் செய்தி, தாமிரபரணியில் வேலை செய்வோருக்கு முன்கூட்டியே போக வேண்டும். ஆபத்து என்றால் வேலையை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் இதற்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை