அடைக்கலம் காத்த வணிகர்

ஒற்றர்கள் நிறைந்த அரசவை நாடகம் ஒன்று சிவபெருமானின் திருவிளையாடலுடன் தொடங்குகிறது. ஈசனின் சடைமுடியில் கங்கையைக் கண்ட உமாதேவியார், அங்கே இருப்பவள் யார் என வினவுகிறார். இறைவனோ நேராக விடை கூறாமல் சொல்லைத் திருப்பித் திருப்பி மறைக்கிறார். மறைப்பதும் தேடுவதுமே கதையாகிய ‘முத்ராராட்சசம்’ என்னும் வடமொழி நாடகத்துக்கு ஏற்ற மங்கல வாழ்த்து இது. விசாகதத்தர் இயற்றிய இந்நாடகம் 7 அங்கங்கள் கொண்டது.

காலம் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. நந்த வம்சம் வீழ்ந்து, பாடலிபுத்திரத்தில் சந்திரகுப்த மௌரியர் அரியணை ஏறியுள்ளார். அவரை அரசராக்கிய சாணக்கியருக்கு ஒரு மனக்குறை எஞ்சியிருக்கிறது. நந்தரின் அமைச்சர் ராட்சசர், மலயகேது என்னும் இளவரசருடன் சேர்ந்து படையெடுக்க முனைகிறார். பெயர்தான் ராட்சசர்; மன்னர் மாண்ட பின்னும் விசுவாசம் மாறாத உத்தமர் அவர். ஆகவே அவரைக் கொல்ல அன்று, சந்திரகுப்தருக்கே அமைச்சராக்கச் சாணக்கியர் வலை விரிக்கிறார்.

யமதர்மராஜனின் படம் எழுதிய சுருளுடன் வீடு வீடாகப் பாடித் திரியும் ஒற்றன் ஒருவன், மணி வணிகர் சந்தனதாசரின் இல்லத்துக்குச் செல்கிறான். திரைக்குப் பின்னாலிருந்து ஐந்து வயதுக் குழந்தை ஒன்று எட்டிப் பார்க்கிறது. அதனை உள்ளே இழுத்த பெண்மணியின் விரலிலிருந்து மோதிரம் கழன்று உருண்டு வருகிறது. அது ராட்சசரின் பெயர் பொறித்த முத்திரை மோதிரம்! அவர் தம் மனைவி மக்களை நண்பரிடம் அடைக்கலமாக விட்டுச் சென்ற செய்தி அதனால் வெளியாயிற்று.

அம்மோதிரத்தால் முத்திரையிட்ட பொய்க் கடிதம் ஒன்று பகைவர் பாசறையை அடைகிறது. அதனை நம்பிய மலயகேது, ராட்சசரைத் துரோகி எனத் தள்ளிவிடுகிறார். தம் துணை மன்னர் ஐவரையும் கொல்விக்கிறார். சூழ்ச்சியின் கொடிய பக்கத்தைக் கவி மூடி மறைக்கவில்லை.

ஆனால், அத்தனை ஒற்றர்களாலும் சந்தனதாசரை அசைக்க முடியவில்லை. அமைச்சரின் குடும்பம் தம் வீட்டில் இருந்தாலும் ஒப்படைக்கப் போவதில்லை. இல்லாதபோது எவ்வாறு ஒப்படைப்பது என்கிறார். வெளியே சினம் காட்டிச் சிறையிலிட்ட சாணக்கியர், உள்ளத்துக்குள் அவரைச் சிபிச் சக்கரவர்த்திக்கு ஒப்பிட்டு வியக்கிறார். புறாவுக்காகத் தம் தசையை அரிந்து தந்தவர் சிபி. நண்பரின் குடும்பத்துக்காகத் தம் உயிரையே தர முன்வந்தவர் இவ்வணிகர்.

இறுதியில் கழுமரத்தைத் தோளில் சுமந்து சந்தனதாசர் கொலைக்களம் வருகிறார். மனைவியும் மகனும் அழுதபடி பின்தொடர்கின்றனர். தாம் குற்றத்துக்காக அன்று, நண்பருக்காகவே இறப்பதாகக் கூறி அவர் தேற்றுகிறார். செய்தியறிந்து ஓடிவந்த ராட்சசர், தம்மையே கொல்லுமாறு முன்னே நிற்கிறார். சாணக்கியர் வெளிப்பட்டு ஒரே ஒரு நிபந்தனை விதிக்கிறார்: சந்திரகுப்தரின் அமைச்சராக அவர் வாள் ஏற்றால் வணிகர் பிழைப்பார். நண்பரின் உயிருக்காக ராட்சசர் இசைகிறார். சந்தனதாசர் நகரங்கள் அனைத்துக்கும் தலைமை வணிகராகிறார். மலயகேதுவுக்கும் அவருடைய முன்னோர் நாடு திரும்பக் கிடைக்கிறது.

சபதம் முடிந்ததென அவிழ்ந்த குடுமியை முடிந்துகொண்ட சாணக்கியர், தமக்கென ஏதும் பெறவில்லை. அமைச்சர் பதவியையும் பகைவராயிருந்தவருக்கே அளித்துவிட்டார். அவருடைய இருப்பிடம், கூரையில் சமித்துக் காயும் பழங்குடிசை.

ராட்சசர் சிக்கியது ஒற்றனின் திறமையால் மட்டும் அன்று. அடைக்கலம் அடைந்தவரைச் சந்தனதாசர் காட்டிக் கொடுக்கமாட்டார். அந்த நண்பரை ராட்சசர் சாகவிடமாட்டார். இவ்விரண்டையும் உறுதியாக நம்பியே சாணக்கியர் தம் காரியத்தை நடத்தினார். பொய்யையே கருவியாகக் கொண்டவரும் கடைசியில் சார்ந்து நின்றது, இரு நல்லவர்களின் வாய்மையை அல்லவா?