மூன்று விரல் உயர எழுத்து

லாரிக்கு எழுத்து எழுதுகிறவன் நான். கோட்டாற்றில் பிறந்தவன், 31 வருடமாகத் திருவனந்தபுரத்தில், கரமனையில் குடியிருந்துகொண்டு தூரிகை பிடிக்கிறேன். ஃபிளெக்ஸ் வந்ததும் கடைப் பலகை வேலை போயிற்று. சாலைக் கடைத்தெருவில் நான் எழுதிய பெயர் ஒன்றுகூட இன்று சுவரில் இல்லை. டேங்கர் லாரிகள் மட்டும் இன்னும் என்னைத் தேடி வருகின்றன.

டேங்கரில் எழுதுவது கடைப் பலகை மாதிரி இல்லை. 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 134-ம் விதி அளவைக் கறாராகச் சொல்லியிருக்கிறது. இரண்டு பக்கமும் பின்புறமுமாக மூன்று இடத்தில் அவசரத் தகவல் பலகை. சரக்கின் சரியான பெயர் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது, அதாவது மூன்று விரல். சரக்கின் அபாய வகை எண் 100 மில்லிமீட்டர். அபாயத்தைக் காட்டும் சாய்சதுர அடையாளம் 250 மில்லிமீட்டர். கூடவே அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்கள். பலகையை எதுவும் மறைக்கக் கூடாது, அழுக்கு படியக் கூடாது. ஸ்டெப்னி டயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் எத்தனையோ பலகைகளை நானே துடைத்து எடுத்திருக்கிறேன்.

எழுதித் தரச் சொல்லும் தொலைபேசி எண்ணை ஒருதரம் அழைத்துப் பார்ப்பது என் வழக்கம். பாதி நேரம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை எடுத்தவர் ஏதோ கல்யாண மண்டபத்து வாட்ச்மேன். எந்தத் தேதிக்கு வேண்டும் என்று கேட்டார்.

பெட்ரோல் வண்டி என்றால் பலகையில் '3 ஒய் இ' என்றும் அதற்குக் கீழே 1203 என்றும் எழுதுவோம். கேஸ் வண்டிக்கு '2 ஒய் இ', 1075. இருபது வருடம் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி விட வந்த ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர் ஒருவர்தான், டீ ஆறுவதற்குள், எனக்குப் பொருள் சொன்னார். 1203 உலகம் முழுக்கப் பெட்ரோலுக்கு ஐ.நா. கொடுத்த எண். 3 என்றால் நுரை அடி. 2 என்றால் தண்ணீரைத் திவலையாகப் பீய்ச்சு. ஒய் என்றால் மூச்சுக் கருவி மாட்டிக்கொள், சிந்தியதை ஓடையில் இறங்கவிடாமல் தடு. கடைசி எழுத்து, சுற்றியிருக்கிற ஜனங்களை அப்புறப்படுத்துவதைப் பற்றி யோசி என்பது. 'இ' என்ற அந்த ஒற்றை எழுத்து என்னையும் என் தெருவையும் பற்றியது என்று தெரிந்த அன்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. எழுதுகிறவனுக்கே தெரியாத ஒன்று, வண்டி கவிழ்ந்த இடத்தில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

2012 ஆகஸ்ட் 27, ஓணத்துக்கு இரண்டு நாள் முன்பு, கண்ணூர் சாலாவில் கேஸ் டேங்கர் டிவைடரில் மோதிக் கவிழ்ந்தது. (எங்கள் சாலைக் கடைத்தெரு அல்ல, பேர்தான் கிட்டத்தட்ட ஒன்று.) வாயு பரவி, தீப்பிடித்து, 20 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு 2009-ன் கடைசி நாள் விடியலில் கருநாகப்பள்ளியிலும் ஒரு கேஸ் டேங்கர் உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. அடுப்பு வாயு காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி ஓடும். அந்த நேரத்தில் ஒருவர் ஸ்கூட்டரை உதைத்தால் போதும். 2024 மே மாதம் நம் திருவனந்தபுரம் மாவட்டத்து மங்கலபுரத்திலேயே ஒரு கேஸ் டேங்கர் கவிழ்ந்தது. பக்கத்து வீடுகளைக் காலி செய்தார்கள், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை அங்கே இருப்பவர்கள் யார்? டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், செல்போனில் படம் பிடிக்கும் பையன். நம்முடைய பலகை அவர்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இத்தனை வருடத்தில் மலையாளத்திலோ தமிழிலோ அதில் ஒரு வரி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை.

கடலில் ஓடும் சரக்குக்கு விதி இன்னும் கறார். டேங்க் கொள்கலனின் பக்கங்களில் சரக்கின் பெயர் 65 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அபாய அடையாளம் மூன்று மாதம் கடலில் கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும். தொழில்காரன் என்ற முறையில் அந்த மூன்று மாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபோது என்ன நடந்தது? அதிலிருந்த 640 கொள்கலன் பெட்டிகளில் 12-ல் கால்சியம் கார்பைட். மாங்காயைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிற அதே கல். தண்ணீர் பட்டால் வெல்டிங் வாயு கிளம்பும். அந்தக் கல்லுக்கு நீல நிறத்தில் தீச்சுடர் போட்ட அடையாளம் உண்டு. நீலத்தைப் பார்த்தால் நம் ஊரில் யாருக்கும் 'தண்ணீர் படக் கூடாது' என்று தோன்றாது, தண்ணீர் என்றுதான் தோன்றும். கொல்லம் கரையில் பெட்டிகள் ஒதுங்கியபோது, 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. பெட்டியின்மேல் ஒட்டியிருந்தது மீனவருக்குப் புரியுமென்றால் அந்த அறிவிப்புக்கு இவ்வளவு அவசரம் இருந்திருக்காது.

குறியீடு உலகத்துக்கே பொது, அதில் கை வைக்கக் கூடாது என்பார்கள். சரிதான். நான் அழிக்கச் சொல்லவில்லை. பலகைக்குக் கீழே ஒரு சாண் இடம் சும்மா கிடக்கிறது. அதைத்தான் கேட்கிறேன்.

போன வருடம் நாமக்கல் வண்டி ஒன்றுக்கு என் பெயிண்டில், என் கூலியில் எழுதிக் கொடுத்தேன். மலையாளத்தில் ஒரு வரி, களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் வேண்டுமே என்று தமிழில் ஒரு வரி: 'வாயு கசிந்தால் தீ மூட்டாதே, வண்டியை ஸ்டார்ட் செய்யாதே, மேட்டுப் பக்கம் போ.' ஓட்டுநர் தம்பி படித்துப் பார்த்துவிட்டு, "இது நமக்கே சொல்ற மாதிரி இருக்குதுங்கண்ணா" என்றான். மறுநாள் முதலாளி போனில் வந்தார். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கப் போகும்போது இதென்ன புதுசா என்று கேட்பார்கள், அழித்துவிடுங்கள் என்றார். அவர் பயமும் நியாயம்தான். விதியில் இல்லாததை எழுதினால் அபராதம் வருமோ என்று எந்த முதலாளியும் யோசிப்பார். ஆகவே இது முதலாளி தயவில் நடக்கிற காரியமில்லை. டெல்லியில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 134-ம் விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: வண்டி ஓடுகிற மாநிலங்களின் மொழியில், சாதாரண ஜனம் என்ன செய்ய வேண்டும் என்பதும் பலகையில் இருக்கட்டும். சரக்கு ஏற்றும் இடத்து வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டு வண்டியை வெளியே விடட்டும். எஃப்.சி. அன்றைக்கு மட்டும் பார்த்தால், அந்த ஒரு நாள் மட்டும் பலகை பளபளக்கும்.

மூன்று பக்கமும் இரண்டிரண்டு வரி எழுத எனக்கு அரை நாள் வேலை. வெயில் இருந்தால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.